அரையணாச் சிந்தில் செத்தவள்

1

பினாங்குக்கு வந்த புதிதில், சென்னைக் கப்பலிலிருந்து மூட்டைகள் இறங்குவதைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷம் பொங்கும். மிளகாய் வற்றல், கருவாடு, பஞ்சாங்கம், ஊர் வம்பு எல்லாம் அந்த மூட்டைகளில்தான் வரும். இப்போது அந்தச் சந்தோஷம் இல்லை. சில வாரங்களுக்கு முன்னால் அப்படி ஒரு மூட்டையில் என் தங்கையின் சாவு வந்து இறங்கியது. தங்கை அப்போது உயிரோடுதான் இருந்தாள். இப்போதும் இருக்கிறாள். அடுத்த அறையில் தையல் மெஷின் ஓட்டுகிறாளே, அந்தச் சத்தம் அவளுடையதுதான்.

விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன். என் மகள் ரோஸுக்குப் பதின்மூன்று வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் இங்கிலீஷில் படிக்கிறாள், காய்கறிக்காரனோடு மலாயில் சண்டை போடுகிறாள், பூசைக்குப் போகிற அன்று மட்டும் எங்களுக்காகத் தமிழ் பேசுகிறாள். ஊர்ப் பேச்சு எடுத்தால் "மறுபடியும் மயிலாப்பூரா?" என்று எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, சுத்தமான தமிழில் பாடிக்கொண்டிருந்தாள்.

"மயிலாபுரி மங்கையவள் மாண்டகதை கேளீரோ
மையல்கொண்டு மனமுடைந்து மாய்ந்தவிதங் கேளீரோ"

அந்தப் பாட்டை நான் லஸ் முனையில் கேட்டிருக்கிறேன். கடல் தாண்டிக் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

"இது உனக்கு எங்கடி கெடச்சுது?"

"கடைத்தெருவுல விக்கறாங்கம்மா. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட நாடகம் போடப் போறோம். நான்தான் அந்தப் பொண்ணு."

"இந்தக் கண்ராவிய ஏன் பாடற?"

"அழகா இருக்கும்மா. கடைசியில எல்லாரும் அழறாங்க. அப்பா, டீச்சர், ஊரே அழுவுது. உயிரோட இருக்கறப்ப அவள யாருமே கவனிக்கல. செத்தாத்தாம்மா பாட்டு பாடுவாங்க."

கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். என் பெண்ணுக்கு நான் இத்தனை வருஷம் ஜெபம் சொல்லிக்கொடுத்தேன், சமையல் சொல்லிக்கொடுத்தேன், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தேன். வாழ்வதைவிடச் சாவது அழகு என்று அரையணாக் காகிதம் ஒன்று ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டது.

2

என் தங்கை அமலோற்பவம். வீட்டில் அமலி. சாந்தோமில் கோவிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் எங்கள் வீடு. அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அமலியும் உபாத்தினிப் பரீட்சை தேறி ராயப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் டிராம் ஏறப் போகிறவள் சந்து முழுக்கக் குசலம் விசாரித்துவிட்டுத்தான் போவாள். நாயைக்கூட விடமாட்டாள்.

அந்த அமலி ஒரு வருஷத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிப்போனாள். தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பிள்ளைகளின் நோட்டைத் திருத்த உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே இருட்டும்வரை இருப்பாள். கேட்டால் "ஒண்ணும் இல்லக்கா, அசதியா கீது" என்பாள். வைத்தியர் ரத்தம் சுண்டிவிட்டது என்று லேகியம் கொடுத்தார். பங்குச் சாமியார் நவநாள் ஜெபம் சொல்லச் சொன்னார். அத்தை, காலாகாலத்தில் கல்யாணம் பண்ணியிருந்தால் இதெல்லாம் வருமா என்றாள். நம் ஜனங்களிடம் எதற்குத்தான் மருந்தில்லை! மருந்துதான் நோயோடு சேர்வதில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் பார்த்தாள்.

எங்கே, எதைக்கொண்டு, எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. வாசகர்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரி. சென்னைப் பத்திரிகை ஒன்று அதையெல்லாம் சமையல் குறிப்பு மாதிரி வரிசையாக அச்சடித்தது. அந்த மாதமே திருவல்லிக்கேணியில் ஒரு பெண் அதை வாசித்துவிட்டு அதன்படியே செய்தாள். அவள் பிழைக்கவில்லை. அவளுக்காகவும் பத்திரிகைகள் அழுதன, இன்னும் விவரமாக.

3

அமலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குப் போய்ப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அப்போதே பினாங்கில் இருந்தார். நான் கைக்குழந்தை ரோஸோடு அப்பா வீட்டில் இருந்தேன். குழந்தைக்கு அம்மை வார்த்திருந்ததால் என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்குள் நடந்தது எனக்குத் தெரியாது. வீட்டு வாசலில் நடந்தது எல்லாம் தெரியும்.

முதலில் வந்தவர் பங்குக் கோவில் உபதேசியார். நல்ல மனிதர், கண்ணில் நீரோடுதான் வந்தார். அமலி பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாத நேரம் அது.

"வாத்தியாரே, தப்பா நெனைக்காதீங்க. ஒருவேள ஆயிடுச்சின்னா, தன் உயிரத் தானே போக்கிக்கிட்டவங்களுக்குச் சாவு மணி அடிக்க முடியாது. கல்லறைத் தோட்டத்துல உள்ள எடம் கெடையாது, சுவத்துக்கு வெளியிலதான். பெறகு வருத்தப்படக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

உயிர் போவதற்கு முன்னால் குழிக்கு இடம் பார்த்துவிட்டார்கள். அதையும் சுவருக்கு வெளியே பார்த்தார்கள். அப்பா அவருக்கு உட்கார நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து ஏட்டு. சாக முயன்று பிழைத்தால் குற்றம் என்பது சர்க்கார் சட்டம். முழுதாகச் செத்தவர்களைச் சட்டம் ஒன்றும் செய்வதில்லை. நாட்டில் நியாயம் இப்படித்தான் நடக்கிறது.

"இன்னா வாத்தியாரே, பொண்ணு வேணும்னே பண்ணிச்சுன்னு எய்தினா கேஸு. கை தவறிப் பூடுச்சுன்னு எய்தினா வூட்டுக்கு. நீங்களே சொல்லுங்க, இன்னா எய்தட்டும்?"

பொய் சொல்கிற பையனை மண்டியிட வைக்கிற அப்பா, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "தவறித்தான் ஏட்டையா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது விபத்து. கோவிலுக்கும் விபத்து, போலீசுக்கும் விபத்து. சந்தில் எதிரே வந்தவர்கள் "பாவம், விபத்தாமே" என்பார்கள். நாங்கள் நாலடி தாண்டியதும் "எத்தனாம் மாசமாம்?" என்று கிசுகிசுப்பார்கள். விபத்து என்று நம்பியவர் ஒருவரும் இல்லை. அசதி என்று அவள் சொன்னதை நம்பியவரும் இல்லை. ஒரு பெண் தன்னை மாய்த்துக்கொள்ளத் துணிந்தால் பின்னால் ஓர் ஆண் இருந்தாக வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். காய்ச்சல் வந்தவளிடம் யாரால் வந்தது என்று கேட்பதில்லை. மனம் நொந்து விழுந்தவளிடம் அதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை.

4

அமலி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் பத்திரிகை அவள் இறந்துவிட்டதாகப் போட்டிருந்தது. "மயிலாப்பூர் கிறிஸ்தவ உபாத்தினியின் பரிதாப முடிவு" என்று தலைப்பு. அப்பா ஜிப்பாவை மாட்டிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போனார். ஆசிரியர் மரியாதைக்காரர், காப்பி வரவழைத்தாராம்.

"திருத்தம் போடறதுல ஆட்சேபணை இல்ல. ஆனா உங்க பொண்ணு பேரு மறுபடியும் வரும். எல்லாரும் மறுபடியும் பேசுவா. யோசிச்சுச் சொல்லுங்கோ."

அப்பா யோசித்தார். காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற அவளைச் செத்தவளாகவே விட்டுவிட்டு வந்தார் என்று இன்றைக்குச் சொன்னால் கொடுமையாக இருக்கிறது. அன்றைக்கு அதுதான் புத்திசாலித்தனமாக இருந்தது.

பத்திரிகையில் செத்தவளைச் சிந்துக்காரர்கள் சும்மா விடுவார்களா? கொலை, கப்பல் விபத்து, தூக்குத் தண்டனை என்று எது நடந்தாலும் ஒரே வாரத்தில் பாட்டுக் கட்டி, எட்டுப் பக்கத்தில் அச்சடித்து, தெருத்தெருவாகப் பாடி விற்பது சென்னையில் ஒரு தொழில். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் விற்றது போக மிச்சத்தை ஒருவன் எங்கள் சந்துக்கே கொண்டுவந்துவிட்டான். நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். அமலி என் கையை விலக்கிவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"இன்னாய்யா பாட்டு அது?"

"புச்சும்மா. மைலாப்பூர் பொண்ணு சிந்து. அரையணாதான். படிச்சா கண்ணுல தண்ணி நிக்காது."

"அந்தப் பொண்ணு செத்துட்டாளா?"

"செத்துட்டாம்மா, பாவம்."

"பொழச்சிக்கினான்னு கேள்விப்பட்டேனே?"

அவன் சிரித்துவிட்டான். "இன்னாம்மா நீ! பொயச்சிக்கினான்னு எய்தினா எவன் வாங்குவான்?"

அமலி அரையணா கொடுத்து வாங்கினாள். அட்டையில் மூக்குத்தியும் பொட்டுமாக ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒரு மயில். எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கம் கிடையாது. அதே படத்தை வேறு இரண்டு சிந்துகளின் அட்டையிலும் நான் பார்த்திருக்கிறேன். அமலோற்பவம் என்ற பேர் ராகத்தில் உட்காரவில்லையோ என்னவோ, அமலாம்பாள் ஆகியிருந்தாள். அவளைக் கைவிட்ட காதலன் கோவிந்தன் என்ற டிராம் கண்டக்டர். ஏன் டிராம் கண்டக்டர்? அவள் டிராமில் போனாள், அவ்வளவுதான். மாட்டு வண்டியில் போயிருந்தால் வண்டிக்காரன் மாட்டியிருப்பான்.

"அக்கா, இதுல எனக்கு எவ்ளோ முடி பாரு," என்றாள் அமலி. "ஆளும் அவங்களே தேடிக் குடுத்துட்டாங்க. வூட்ல உங்களுக்குச் செலவு மிச்சம்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அந்தத் தடத்தில் ஓடிய நிஜக் கண்டக்டர் ஒருவர், பிள்ளை குட்டிக்காரர், ஏறுகிறவர்களெல்லாம் "கோவிந்தா" என்று கூப்பிடுவது தாங்காமல் வேறு தடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு தெரிந்தது.

5

நான் ரோஸைத் தூக்கிக்கொண்டு பினாங்குக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் அமலியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் சும்மா இருக்கிறவள் அல்ல. மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று புதிது புதிதாக வீடுகள் எழும்பிய சமயம் அது. அங்கே குடிபோன பெரிய மனிதர்களின் பெண்களுக்கு இங்கிலீஷும் தையலும் சொல்லிக்கொடுக்கப் போனாள். மயிலாப்பூரிலிருந்து போன ஒரு வக்கீல் வீட்டில் பெண் குழந்தைக்கு இவள் என்றால் உயிர். நான் ஊருக்கு ஒரு தரம் போயிருந்தபோது அமலியோடு அந்த வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத்தான் அவளை நிறுத்தினார்கள். யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள்.

"உங்க மேல ஒண்ணும் தப்பில்ல டீச்சர்," என்றாள் வக்கீலின் மனைவி. "எங்காத்துல மாமியார் பயந்துண்டே இருக்கா. பொண் கொழந்தை பாருங்கோ. இதெல்லாம் ஒட்டிக்கும்கறா."

அவள் அதைச் சொல்லும்போது கூடத்து ஊஞ்சலில் அதே சிந்துப் புத்தகம் கிடந்தது. மாமியார்தான் வாசிக்கிறாளாம், ராகத்தோடு, மத்தியானப் பொழுதுபோக. பக்கத்தில் அந்தப் பெண் குழந்தை உட்கார்ந்து கேட்குமாம். தையல் சொல்லிக்கொடுக்கிறவளிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது, பாட்டிலிருந்து ஒட்டாது! நான் வாயைத் திறப்பதற்குள் அமலி என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அடையாறு பக்கம் பிரம்மஞானம் போதிக்கிற கனவான்கள் வீட்டிலும் அதே கதைதான். அவர்கள் மறுபிறவியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். இந்தப் பிறவியிலேயே மறுபடி எழுந்து வந்தவளைக் கண்டால்தான் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

6

அப்பா போய்ச்சேர்ந்த பிறகு அமலியை இங்கேயே வரச் சொன்னேன். இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது, புதிதாகத் தொடங்கலாம் என்று எழுதினேன். அவள் கப்பல் ஏறிவிட்டாள் என்று தந்தி வந்த வாரத்தில்தான் ரோஸ் கண்ணாடி முன்னால் நின்று பாடினாள். தங்கைக்கு முன்னாலேயே சிந்து வந்து இறங்கிவிட்டது. கப்பலில் வரும் ஆட்களைப்போல் அதனிடம் ஜாமீன் கேட்பாரும் இல்லை, அம்மை குத்தின தழும்பைப் பார்ப்பாரும் இல்லை.

என் வீட்டுக்காரர், "புத்தகத்தைக் கிழிச்சுப் போடு, பேசாத. குழந்தைக்கு எதுக்கு அது?" என்றார். எனக்கு அந்தப் பேசாமையில் நம்பிக்கை போய்விட்டிருந்தது. எங்கள் வீடு பேசாமல் இருந்த இடத்தையெல்லாம் சிந்துக்காரன்தான் நிரப்பினான். அன்று மாலையே ரோஸை உட்காரவைத்து, அந்தப் பாட்டில் வருகிறவள் உன் அமலி சித்தி, கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கவுன் தைத்து அனுப்புகிறாளே அவள்தான், கோவிந்தனும் இல்லை கீவிந்தனும் இல்லை, மனசுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தாள், பிழைத்துவிட்டாள், அடுத்த வாரம் இங்கே வருகிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ரோஸ் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்போ அவங்க சாகவே இல்லையா?" என்று கேட்டாள்.

அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. ஏமாற்றம் இருந்தது. என் வயிற்றில் பிறந்தவள் என் கூடப்பிறந்தவள் உயிரோடிருப்பதற்காக முகம் சுருங்கினாள். அவளை அடிக்கக் கை எழுந்தது. எத்தனை பேரை அடிப்பது? கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கப்பல் வந்தும் அமலி வந்தபாடில்லை. மலிவு டிக்கெட்டில் டெக்கில் வந்தவர்களையெல்லாம் நோய் பரவாமலிருக்கத் தீவுக் கொட்டடியில் நிறுத்தி, மருந்து நீரில் முக்கி, துணியை அவித்து, அப்புறம்தான் விட்டார்கள். துறைமுக ஆபீசில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நம் பக்கத்து ஆள்தான்.

"கல்யாணம் ஆகலையா?"

"இல்லைங்க."

"ஏன் ஆகலை?"

"அத எழுதறதுக்கு அந்தக் காகிதத்துல எடம் இருக்குங்களா?" என்று அமலி கேட்டாள்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். "இல்ல, சும்மா கேட்டேன்," என்றார்.

ரோஸ் சித்தியை வரவேற்கத் துறைமுகத்துக்கு வந்திருந்தாள். ஆனால் கிட்டே வரவில்லை. பாட்டில் வந்தவளுக்கு முழங்கால்வரை கூந்தல். கப்பலில் வந்தவளுக்கு முன்தலை நரைத்து, குமட்டலில் முகம் வெளிறி, ஒரு செருப்பு அறுந்திருந்தது. நாடகத்தில் தன் வேஷத்தை ரோஸ் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய், இந்த நாடகம் வேண்டாம் என்று சொன்னேன். "விளையாட்டுதானேம்மா," என்றாள்.

ஒரு வாரம் ரோஸ் சித்தியைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பிடுவதை, துணி துவைப்பதை, கடைக்காரனிடம் விலை பேசுவதை. நேற்று மத்தியானம் அமலி அவளுடைய பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

"சித்தி, பாட்டுல இருக்கறது நீங்கதானாமே."

"ஆமா. ரொம்பத் தப்புத் தப்பா எழுதிக்கீறான்."

"பாட்டு நீங்க கண்ண மூடினதோட முடிஞ்சிருது. அப்புறம் என்ன ஆச்சு?"

அமலி மெஷினை நிறுத்தினாள்.

"மறுநாள் காலையில முழிச்சேன் ரோஸு. பசிச்சுது. ஒரு வருஷமா எனக்குப் பசியே எடுத்தது இல்ல, அன்னிக்கு அப்படி ஒரு பசி. பசிக்குதுன்னு சொன்னேன். கட்டிலச் சுத்தி உங்க தாத்தா, அத்த, நர்ஸம்மா, போலீஸ்காரரு, எல்லாரும் நின்னுக்கினு இருந்தாங்க. யார் அவன், யார் அவன்னு கேட்டாங்களே தவிர, நான் சொன்னது ஒருத்தர் காதுலயும் விழல."

ரோஸ் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்புறம் யார் சித்தி சாப்பாடு குடுத்தாங்க?"

இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. பத்திரிகைக்காரருக்கும் தோன்றவில்லை, சாமியாருக்கும் தோன்றவில்லை.

"பக்கத்துக் கட்டில்ல திருவல்லிக்கேணி பாய் வீட்டம்மா ஒருத்தங்க இருந்தாங்க," என்றாள் அமலி. "அவங்க வூட்லேந்து வந்த கஞ்சியில பாதிய எனக்கு ஊத்திக் குடுத்தாங்க. குடிக்கற வரைக்கும் முதுகத் தடவிக்கினே இருந்தாங்க. யார் அவன்னு அவங்க மட்டும் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"அவங்களுக்கு உருதுதான், தமிழ் வராது," என்றாள் அமலி.